மாடிக்குப் போகாத கோரிக்கை

பள்ளி ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடமும் நாலைந்து கதைகள் உண்டு. பரீட்சைக்கு முந்தின நாள் வினாத்தாள் கட்டு மழையில் நனைந்தபோது என்ன செய்தேன், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த சிடுமூஞ்சி அதிகாரியை எப்படிச் சிரிக்க வைத்து அனுப்பினேன், இப்படி. அவற்றையெல்லாம் நான் ரிட்டயர் ஆன அன்றைக்கே மேடையில் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். கொஞ்சம் கூட்டியும் சொன்னார்கள், நான் தடுக்கவில்லை. இது அந்த மேடையில் இருந்த யாருக்கும் தெரியாத கதை. எழுத உட்கார்ந்தால் இப்போதும் எனக்குக் காது மடல் சுடுகிறது.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் நான் ஆபீஸ் சூப்பிரண்டு. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், குடியிருந்தது ஸ்ரீவராகத்தில். பள்ளிக்கு அரசாங்க உதவி கிடையாது, பிள்ளைகள் கட்டுகிற ஃபீஸில்தான் எல்லாம் ஓடவேண்டும். என் அறை கீழே. பள்ளியை நடத்திய கமிட்டியின் தலைவரை மேனேஜர் சார் என்போம். வாரத்தில் இரண்டு நாள் வருவார். அவருடைய அறை மாடியில்.

வாத்தியார்கள் அல்லாத வேலைக்காரர்கள் அத்தனை பேரும் என் பொறுப்பு. ஆயாக்கள், பஸ்ஸில் குழந்தைகளை ஏற்றி இறக்குகிறவர்கள், வாட்ச்மேன், தோட்டக்காரர், கக்கூஸ் கழுவுகிறவர். நான் சொல்வது தொண்ணூறுகளின் கடைசி. அன்றைக்கு எங்கள் பள்ளியில் இவர்களுக்குக் கொடுத்த சம்பளத்தில் ஒற்றை ஆள் கஞ்சி குடித்துக் கிடக்கலாம், குடும்பம் நடத்த முடியாது. இது எனக்குத் தெரியாது என்று பொய் சொல்லமாட்டேன். மாதா மாதம் அவர்களிடம் கையெழுத்து வாங்கிப் பணத்தைக் கொடுத்தவனே நான்தான்.

ஆயாக்களில் பாதிக்கு மேல் தமிழ்ப் பெண்கள். சாலை பஜாருக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளிலிருந்து வருவார்கள். புருஷன்மார் கொத்து வேலைக்கோ மூட்டை தூக்கவோ திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். பிரின்சிபாலிடம் மலையாளத்தில் திக்கித் திணறுவதைவிட என்னிடம் தமிழில் அழுவது அவர்களுக்கு எளிது. ஆகவே எல்லாக் குறையும் முதலில் என் மேஜைக்குத்தான் வரும். பெரும்பாலும் அங்கேயே நின்றும் போகும்.

எப்படி நிற்கும் என்று சொல்கிறேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்தான் எனக்குத் தொழில் கற்றுத் தந்தார். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். நான் குமாஸ்தாவாக இருந்தபோது ஒருநாள் தோட்டக்காரர் சம்பளம் கூட்டிக் கேட்டு வந்தார். இவர் அவரை உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், வீட்டுக்காரிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். தெரிந்த டாக்டருக்கு அங்கேயே போன் போட்டு, மறுநாள் காலையிலே வரிசையில் நிற்காமல் பார்க்க ஏற்பாடு செய்தார். தோட்டக்காரர் கண் கலங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார். போன பிறகு இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“அவன் கேட்டது என்ன, வாங்கிட்டுப் போனது என்ன, பாத்தீரா? சம்பளம் கூட்டித் தான்னு ஒருத்தன் மாடிக்குப் போயிட்டான்னா, கீழ நீரும் நானும் எதுக்குவே இருக்கோம்?”

நான் அசந்து போனேன். அடேயப்பா, இதல்லவா நிர்வாகம் என்று நினைத்தேன். மறுக்கவும் செய்யாமல், கொடுக்கவும் செய்யாமல், கேட்டவனைச் சிரித்த முகத்தோடு அனுப்புவது. அவர் போய் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவரையும் மிஞ்சினேன். சம்பளம் போதவில்லை என்று யார் வந்தாலும் நான் அவர்களுக்கு இன்னொரு வேலை பிடித்துக் கொடுப்பேன். ஒருத்திக்கு டீச்சர் வீட்டில் பாத்திரம் துலக்குகிற வேலை. ஒருத்திக்குக் கல்யாண மண்டபத்தில் காய் நறுக்க. வாட்ச்மேனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சாலை பஜாரில் ஒரு பலசரக்கு மண்டியில் மூட்டை எண்ண. பள்ளிக்கு ஒரு பைசா செலவு இல்லை, அவர்களுக்கும் நாலு காசு. என்னை அவர்கள் தெய்வமாகக் கும்பிட்டார்கள், நானும் மீசையைத் தடவிக்கொண்டேன்.

இதில் ஒரு கூத்து உண்டு. பள்ளியில் வேலை செய்கிறவர்கள் வெளியே வேறு சம்பளத்துக்குப் போகக்கூடாது என்று நியமன உத்தரவில் ஒரு விதி. அந்த விதியை டைப் அடித்து வைத்ததே நான். ஆயாக்களுக்கு அது தெரியும், ஏனென்றால் வேலைக்குச் சேரும்போது நானே வாசித்துக் காட்டுவேன். அப்புறம் நானே வெளிவேலைக்கு அனுப்புவேன். “வெளியில சொல்லிக்கிடாதீங்க” என்பேன். அவர்களும் சொல்லமாட்டார்கள்.

இசக்கியம்மாள் அப்படி வந்தவர்களில் ஒருத்தி. முப்பத்தைந்து வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, சத்தமான சிரிப்பு. பெரிய பஸ்ஸில் ஆயா. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றதும் குதித்து இறங்கி, எல்.கே.ஜி. குஞ்சுகளை இடுப்பில் தூக்கி ஏற்றுவாள். மலையாளப் பிள்ளைகளிடம் திருநெல்வேலித் தமிழில் சண்டை போடுவாள், அதுகளும் பதிலுக்கு அதே தமிழில் அவளைத் திட்டும். புருஷன் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய், வீட்டோடு கிடந்தார். மகள் எங்கள் பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பு. ஆயாக்களின் பிள்ளைகளுக்குப் பாதி ஃபீஸ் என்பதால்தான் அது நடந்தது.

அவள் ஒருநாள் சாயங்காலம் பஸ் போகும் முன்னால் என் மேஜைக்கு முன் வந்து நின்றாள். மற்ற நேரமெல்லாம் “சாரே” என்பவள், காரியம் கேட்கும்போது “அண்ணாச்சி” என்பாள்.

“அண்ணாச்சி, ஒரு காரியம் சொல்லணும். வீட்டுக்காரன் வாடகைய ஏத்திட்டான். அவருக்கு மருந்துக்கே பாதி போயிருது. ரேஷன் அரிசிய வச்சு ஓட்டுதேன். இந்தச் சம்பளத்துல முடியல அண்ணாச்சி. ஏதாச்சும் கூட்டித் தரச் சொல்லி மேனேஜர் சார்ட்ட கேட்டுப் பாருங்களேன்.”

“கேக்காம இருப்பேனா பிள்ளே? நான் மேல பேசிப் பாக்குதேன்” என்றேன். இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். வாய் தானாகச் சொல்லிவிடும். “அது ஆகுற வரைக்கும் ஒரு வழி சொல்லட்டா? தம்பானூர்ல எனக்குத் தெரிஞ்ச லாட்ஜு ஒண்ணு இருக்கு. விடியுறதுக்கு முன்ன ரூமு மாடிப்படி எல்லாம் தூத்துத் தொடைக்கணும். முடிச்சிட்டு நேரா நம்ம பஸ்ஸுக்கு வந்துரலாம். செய்வியா?”

“செய்யாம? உங்களுக்குப் புண்ணியமாப் போகும் அண்ணாச்சி.”

அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன், இன்றைக்கு ஒரு குடும்பத்துக்கு விளக்கேற்றி வைத்தேன் என்று. வெட்கங்கெட்டவன், அதே வார்த்தையில் சொன்னேன்.

மேலே பேசவில்லை. பேசவேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவள் பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே.

சில மாதம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. இசக்கியின் சிரிப்புச் சத்தம் குறைந்தது எனக்குக் கேட்கவில்லை. பஸ் டிரைவர் ஒருநாள் என்னிடம் சொன்னார், “ஆயம்மைக்கு ஒரே ஷீணமாக்கும் சாரே, இருந்தா உறங்கிருது.” வீட்டில் புருஷனுக்குச் சுகமில்லை, அதனால் களைப்பாக இருக்கும் என்று அவரிடமும் என்னிடமும் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மார்ச் மாதம், நல்ல வெயில். எல்.கே.ஜி. பிள்ளைகள் காலையில் பெரியவர்களோடு பெரிய பஸ்ஸில் வருவார்கள், மத்தியானம் சின்ன வேனில் வீட்டுக்குப் போவார்கள். பெரிய பஸ் சாயங்காலம் வரைக்கும் மைதானத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும். பூட்டும் முன்பு கடைசி சீட்டு வரை நடந்து, எந்தக் குழந்தையும் தங்கிவிடவில்லை என்று பார்ப்பது ஆயாவின் வேலை. இசக்கி அதில் ஒருநாளும் தவறியதில்லை.

அன்று மத்தியானம் போன் வந்தது. ஒரு எல்.கே.ஜி. குழந்தையின் அம்மா, வேன் வந்துவிட்டது, தன் மகள் அதில் இல்லை என்றார். நான் வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். குழந்தை இன்றைக்கு வரவே இல்லை, ஆப்சென்ட் போட்டிருக்கிறேன் என்றார் அவர். அம்மா போனில் அலறினார், “ஞானாக்கும் பஸ்ஸில் கேற்றி விட்டது!” தானே பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகச் சொல்கிறார். கேட்டைப் பூட்டச் சொன்னேன், கிணற்றை எட்டிப் பார்க்கச் சொன்னேன், கக்கூஸ்களைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ஆளாளுக்கு ஓடினார்கள்.

இசக்கி வராந்தாவில் எல்.கே.ஜி. பிள்ளைகள் சிந்திய சோற்றைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எந்தக் குழந்தை என்று கேட்டாள். பெயரைச் சொன்னதும் விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது.

“யம்மா! பஸ்ஸு!”

மைதானத்தின் குறுக்கே அவள் ஓடிய ஓட்டத்தை இப்போதும் என் கண்ணால் பார்க்க முடிகிறது. டிரைவர் சாவியோடு வருவதற்குள் ஜன்னல் வழியாகவே உள்ளே ஏறிவிட்டாள். குழந்தை கடைசி சீட்டுக்கு அடியில் கிடந்தது. உடம்பெல்லாம் வியர்வை, அழுது அழுது தொண்டை கட்டிப்போய் சத்தமே வரவில்லை. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். கார் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடவுள் இருக்கிறார், சாயங்காலத்துக்குள் குழந்தை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டது.

காலையில் நடந்தது பிறகு தெரிந்தது. பஸ் பள்ளிக்குள் வந்ததுகூடத் தெரியாமல் இசக்கி முன் சீட்டில் தூங்கியிருக்கிறாள். டிரைவர் தட்டி எழுப்பியதும் பதறிப் பிள்ளைகளோடு பிள்ளையாக இறங்கியிருக்கிறாள். பின்னால் போய்ப் பார்க்கவில்லை. அந்த ஒரு நாள்.

மறுநாள் காலை மாடியில் விசாரணை. மேனேஜர் சார், பிரின்சிபால் அம்மா, குழந்தையின் அப்பா, நான். இசக்கியை வரச் சொல்லியிருந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே அவள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“அண்ணாச்சி, ஏன் உறங்கினேன்னு கேப்பாங்கள்லா? லாட்ஜு காரியம் சொல்லட்டா?”

பிள்ளைகளே, இங்கேதான் கொஞ்சம் நிறுத்துங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு படிக்கட்டு வரும். யோசிக்க நேரம் இருக்காது, மேலே ஆள் காத்திருக்கும். அந்த நேரத்தில் வாயிலிருந்து முதலில் வருவதுதான் நீங்கள் யார் என்பது. அன்றைக்கு எனக்கு என்ன வந்தது தெரியுமா? லாட்ஜ் என்று அவள் சொன்னால் யார் அனுப்பியது என்று கேட்பார்கள், விதியை மீறியது யார் என்று கேட்பார்கள். மற்றவர்களையும் நான் அனுப்பியிருப்பது வெளியே வரும். இது மட்டும்தான் வந்தது.

“சொல்லாத. சொன்னா விதிய மீறினதும் சேர்ந்துக்கிடும். தெரியாம கண்ணசந்துட்டேன்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

“நீங்க பாத்துக்கிடுவீங்கள்லா?”

“நான் இருக்கேன்லா” என்றேன்.

மேலே பிரின்சிபால் அம்மா கோபத்தில் இருந்தார். “எந்தா ஆயம்மே, பஸ்ஸில் உறங்கிப் போயோ?” என்று கேட்டார்.

“கண்ணசந்துட்டேன் அம்மா. தப்புதான்.”

மேனேஜர் சார் அப்படிக் கத்துகிறவர் அல்ல. மெதுவாகத் தமிழிலேயே கேட்டார், “ராத்திரி உறக்கம் இல்லையா? வேற எங்கயாவது பணிக்குப் போறியா?”

அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. நான் குனிந்து பேனா மூடியைத் திருகினேன்.

“இல்ல சார். வீட்ல அவருக்குச் சுகமில்ல. அதான்.”

குழந்தையின் அப்பா எழுந்துவிட்டார். வீட்டில் எல்லோருக்கும்தான் கஷ்டம் உண்டு, அதற்காக என் குழந்தையைச் சாகக் கொடுப்பேனா என்று கேட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? மேனேஜர் சார் என் பக்கம் திரும்பினார். “சூப்பிரண்டு என்ன சொல்லுதீங்க? உங்க ஆளுங்கதானே.”

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. இந்தப் பெண் விடியும் முன்னாலிருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே இருக்கிறாள், காரணம் நாம் கொடுக்கிற சம்பளம், அவளை அங்கே அனுப்பியது நான், தண்டிப்பதானால் என்னையும் சேர்த்துத் தண்டியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: “கமிட்டி முடிவுப்படி செய்யலாம் சார்.”

வேலையிலிருந்து நீக்கினார்கள். உத்தரவை நானே டைப் அடித்தேன். கவனக்குறைவு என்று எழுதினேன். அவள் வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, போகும்போது கேட்டாள், “கொஞ்ச நாள் கழிச்சுத் திரும்ப எடுத்துக்கிடுவாங்களா அண்ணாச்சி?” பார்க்கலாம் என்றேன். ஆயாவின் வேலை போனதும் மகளுக்கான பாதி ஃபீஸ் சலுகையும் போயிற்று. முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் அந்தப் பெண் தனியாக வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனாள். அம்மாவைப் போல அவள் தமிழ் பேசமாட்டாள், மலையாளம்தான். “ஒப்பு எவிடெயா சார்?” என்று கேட்டாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. இசக்கியின் இடத்துக்கு ஒரு புது ஆயாவை எடுத்தோம். சேர்ந்த முதல் வாரமே அவள் வந்து, “சாரே, மத்தவங்களுக்கெல்லாம் வெளிவேல வாங்கிக் குடுத்தியளாமே, எனக்கும் ஒண்ணு பாத்துத் தாங்க” என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “ஒண்ணும் கிடையாது, போ!” என்று கத்திவிட்டேன். அவள் மிரண்டு போய்விட்டாள். பாவம், அவளைத் திட்டி என்ன பிரயோஜனம். திட்ட வேண்டிய ஆள் நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருந்தான்.

அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. ஒரு தாளை எடுத்து, இவர்கள் எல்லோருக்கும் குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். ஒரு குழந்தைக்கு மாதம் எவ்வளவு ஃபீஸ் கூடும் என்று வகுத்தேன். தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டேன். ஒரு டீயும் ஒரு பழம்பொரியும் வாங்குகிற காசு. அவ்வளவுதான். இத்தனை வருஷம் இந்த ஒரு கணக்கை நான் போட்டதே இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். படியேறும்போதே மனசுக்குள் வாதங்களை அடுக்கிக்கொண்டு போனேன். மேனேஜர் சார் மறுப்பார், பெற்றோர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பார், பக்கத்துப் பள்ளியில் இதைவிடக் குறைவு என்பார். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

“இத்ரெயே உள்ளூ?” என்றார். இவ்வளவுதானா என்று கேட்கிறார்.

“ஆமா சார்.”

“பின்னெ எந்தா சாரே இது நேரத்தே பறையாஞ்ஞது?”

ஏன் இதை முன்னாலேயே சொல்லவில்லை என்கிறார். அவரே தமிழில் தொடர்ந்தார். “ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டுக்கு முன்ன நான் உங்கள்ட்ட கேக்குறது உண்டே, கீழ உள்ளவங்களுக்கு எல்லாம் சுகமான்னு. எல்லாம் சுகம், ஒரு புகாரும் இல்லன்னு நீங்கதானே சொல்லுவீங்க. சூப்பிரண்டு நல்லா பாத்துக்கிடுதாருன்னு நான் கமிட்டியில பெருமையாச் சொல்லிட்டிருந்தேன்.”

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மேலே இருக்கிறவன் கல்நெஞ்சன் என்று நான் இத்தனை காலம் மனசுக்குள் வைத்திருந்தேன். அந்தக் கல் மாடியில் இல்லை, மாடிப்படிக்குக் கீழே என் மேஜையில் கிடந்தது.

அவர் பெரிய உத்தமர் என்று சொல்ல வரவில்லை. சுகமா என்று வருஷத்துக்கு ஒரு தடவை என்னைக் கேட்டதற்குப் பதில், ஒரு நாள் கீழே இறங்கி ஆயாக்களிடமே கேட்டிருக்கலாம். ஆனால் அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

போகும் முன்பு, “சார், அந்த இசக்கியம்மாள்...” என்று ஆரம்பித்தேன்.

“அது முடிஞ்ச காரியமில்லையா? அந்தக் கொச்சுப் பிள்ளையோட அப்பன் சும்மா இருப்பாரா? உறங்கினதுக்கு அவளும் சரியான நியாயம் ஒண்ணும் சொல்லலையே” என்றார்.

நியாயம் இருந்தது, சொல்லவிடாமல் செய்தது நான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கையில் அந்தத் தாள் இருந்தது. இப்போது இதைச் சொன்னால் சம்பள விஷயமும் கெட்டுப்போகும், மற்றவர்களுக்குக் கிடைப்பதும் போய்விடும் என்று ஒரு காரணம் பட்டென்று வந்து நின்றது. இப்படிப்பட்ட நேரத்தில் எனக்குக் காரணங்களுக்குப் பஞ்சமே வராது. வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தேன்.

அடுத்த கமிட்டியில் பாஸாயிற்று. ஃபீஸ் கூடியதற்குப் பெற்றோர்களில் ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை. புதுச் சம்பளம் வாங்கிய அன்றைக்கு ஆயாக்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு வேட்டியும் ஒரு பாக்கெட் நேந்திரங்காய் வறுவலும் கொண்டுவந்தார்கள். ஒருத்தி என் காலைத் தொட வந்தாள். சீ சீ, எழுந்திரு என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். டீச்சர் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அதை விட்டுவிட்டேன் என்றாள், இப்போது விடியக்காலம் பிள்ளைகளுக்குத் தானே ஆக்கிக் கொடுத்து அனுப்புகிறாளாம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

இசக்கியைப் பார்க்கப் போக எனக்கு அப்புறமும் இரண்டு மாதம் ஆயிற்று. வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லை, அங்கே புருஷன் இருப்பார், மகள் இருப்பாள். ஒரு சனிக்கிழமை பகலில் தம்பானூர் லாட்ஜுக்குப் போனேன். ரயில் ஏற வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என்று ஒரே கூட்டம். பின்பக்கம் கொடியில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். முன்பு விடியக்காலம் மட்டும் செய்த வேலையை இப்போது முழுநாளும் செய்கிறாள்.

திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், கொஞ்சம் பாரம் குறையும் என்றுகூட நினைத்தேன். ஆனால் என்னைப் பார்த்ததும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“வாங்க அண்ணாச்சி! இவ்வளவு தூரம் வந்திருக்கிய! இருங்க, டீ சொல்லுதேன்.”

“டீ எல்லாம் வேண்டாம். எப்படி இருக்க?”

“இருக்கேன். மவ அட்டக்குளங்கரைப் பக்கம் சர்க்கார் ஸ்கூல்ல சேந்துட்டா, நல்லாப் படிக்கா. அந்தக் கொச்சு சுகமா இருக்கா அண்ணாச்சி? எனக்கு இன்னும் கனவுல அது அழுத சத்தம் கேக்கு.”

சுகமாக இருக்கிறது, யு.கே.ஜி. போய்விட்டது என்றேன். அவள் கையெடுத்து எங்கேயோ பார்த்துக் கும்பிட்டாள்.

“அவளுக எல்லாம் சொன்னாளுக. சம்பளம் கூட்டிக் குடுத்தியளாமே. கேக்க மனசுக்கு அவ்வளவு நிறைவா இருந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி. எனக்கும் இந்த வேல நீங்க வாங்கிக் குடுத்ததுதானே. இதுவும் இல்லன்னா நாங்க என்ன ஆயிருப்போம்.”

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கிளம்பப் பார்த்தேன். அவள் ஒரு விரிப்பை உதறிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க, தெரிஞ்சுக்கிடத்தான் கேக்கேன். நான் மொதல்ல வந்து கேட்டப்போ, நீங்க மேல பேசிப் பாத்தீங்கள்லா? அப்போ மேனேஜர் சார் என்ன சொன்னாரு?”

பிள்ளைகளே, எனக்கு அந்த இடத்தில் இன்னொரு தடவை வாய்ப்புக் கொடுத்தாள். விசாரணை இல்லை, பிரின்சிபால் இல்லை, விதி இல்லை. ஒரு கொல்லைப்புறம், ஈரத்துணி, அவளும் நானும் மட்டும். உண்மையைச் சொன்னால் என் வேலைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

“அப்போ அவரு சம்மதிக்கல இசக்கி” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கொஞ்சம்கூடக் கசப்பு இல்லை.

“பாவம், அவருக்கு அப்போ என்ன நெருக்கடியோ” என்றாள்.

அவள் இப்போது இந்த ஊரில் இல்லை. மகளோடு எங்கேயோ போய்விட்டதாகச் சொன்னார்கள். மேனேஜர் சாரும் காலமாகிவிட்டார். அவருக்கு அப்போது எந்த நெருக்கடியும் இல்லை. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.